கருவியும் கருத்தாவும்

உயிர் அறிவுடைப் பொருளாயினும், கருவியின் துணையின்றி அதன் அறிவு விளங்கித் தோன்றாதென்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. ஆணவ மலத்தால் மறைப்புண்டு கிடந்த உயிர்கட்கு, இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்து அருளினான். அவற்றைப் பெற்ற பின்னரே உயிர் சிறிது சிறிதாக அறிவு விளங்கப் பெறுகின்றது. ஆதலின் கருவியை இகழ்தல் சித்தாந்திகட்கு உடன்பாடன்று. மாயையைப் பொய்யென்று தள்ளாது, விடியுமளவும் இருளில் உதவும் விளக்கோடு அதனை ஒப்பிட்டவர் நம் ஆசிரியர்.

இறைவன் தந்த கருவிகளின் மேலும், மக்கள் தாமே கருவிகளைப் பெருக்கிக்கொள்ள வல்லராயினர். கைக்குத் துணையாக உளியும், காலுக்குத் துணையாக வண்டியும், நினைவுக்குத் துணையாக ஓலையும் எழுத்தாணியும் வந்தன. இவ்வரிசையில் நம் காலத்து வந்தது கணினி. இஃது ஏனைக் கருவிகளைப் போல்வதொன்றன்று. உளி புறக்கருவியின் தொழிலையே செய்தது. கணினியோ அந்தக்கரணங்களின் தொழிலையும் தானே செய்வது போலத் தோன்றுகின்றது. மனம் போலப் பற்றுகின்றது. சித்தம் போல நிறுத்தி வைக்கின்றது. புத்தி போல 'ஆம்', 'அன்று' எனத் துணிந்தும் கூறுகின்றது. தொழிற்சாலையும் அங்காடியும் அரசிறை மன்றமும் பள்ளியும் இதன் வழிப்பட்டு மாறி வருகின்றன. அம்மாற்றத்தின் நடுவே எழும் வினா ஒன்றுண்டு: துணிபு கூறுவது கருவியாயின், கருத்தா யார்? இவ்வினாவைச் சித்தாந்த நெறியில் வைத்து ஆராய்தலே ஈண்டு நோக்கம்.

பெருமுக்கல்

திண்டிவனத்தினின்றும் மரக்காணஞ் செல்லும் நெறியில் பெருமுக்கல் என்னும் ஊர் உளது. அங்குள்ள மலையின் உச்சியிலே முத்தியாலீசர் திருக்கோயில் விளங்குகின்றது. ஊரார் சீதை குகையென வழங்கும் குகையொன்றில், வரலாற்றுக் காலத்துக்கு முற்பட்ட மாந்தர் பாறையிற் கீறிய கோடுகளும் உருவங்களும் காணப்படுகின்றன. அவற்றைக் கீறியவர் யார், யாது கருதிக் கீறினர் என்பன இன்று அறிதற்கரியன. எனினும், தம் கருத்தைத் தமக்குப்பின்னும் நிற்குமாறு ஒரு பொருளின்மேற் பதித்துவைக்க அவர் விரும்பினர் என்பது மட்டும் ஐயமறத் தெரிகின்றது. கணினியைப் படைத்தோர்க்கும் அவ்விருப்பமே வித்து.

அம்மலையின்மேற் சோழர்காலத்துக் கல்வெட்டுக்களும் உள. நிலம் இன்னது, எல்லை இன்னது, விளக்கெரிக்கத் தந்த பொருள் இன்னது என்று கல்லிற் பொறிப்பித்தல் அக்காலத்து ஆவண முறை. பின்னர் அம்மலை கோட்டையாயிற்று. 1760ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரரோடு பொருத ஆங்கிலத் தளபதி கூட் அதனைக் கைப்பற்றினார். படைகள் வந்தன, போயின. பொறித்த கல் நின்றது. மலையைச் சூழ்ந்த பகுதிகளிற் கல்லுடைத்தல் இன்றும் பலர்க்கு வாழ்வு தருந் தொழில். முன்னர்ச் சம்மட்டியும் உளியுமே அவர்தம் கருவிகள். இப்பொழுது துளையிடும் பொறியும் நொறுக்கும் பொறியும் பெரும்பங்கினைக் கவர்ந்துகொண்டன. ஆயினும் கல்லோடு பழகுங் கை கல்லினால் தேய்கின்றது. அத்தேய்வு இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாததாதலின் நினைவில் இருத்துக.

பழுதும் பாதுகாப்பும்

புதிய கருவியின் நன்மையை முதற்கண் கூறாதுவிடின் அது நடுவுநிலைமை ஆகாது. மூவர் அருளிய தேவாரம் தில்லையில் அறையொன்றிற் பூட்டப்பட்டுக் கிடந்ததும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அதனைத் திறப்பித்த காலைப் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்ததும் யாவரும் அறிந்த வரலாறு. ஓலை நினைவைக் காத்தது. அவ்வோலையைக் காப்பார் இலராயினமையின் நினைவும் அழிந்தது. ஞானசம்பந்தர் அருளிய திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் இல்லாது மறைந்து, 1917ஆம் ஆண்டிற் கல்வெட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. ஓலை மறந்ததனைக் கல் மறவாது வைத்திருந்தது.

அச்சுப்பொறி வந்தபொழுது, அஃது அயலார் கருவியென ஒதுக்கிவிடாது, 1849ஆம் ஆண்டிற் சென்னையில் அதனை விலைக்கு வாங்கி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் நிறுவிச் சைவ நூல்களைப் பிழையற வெளியிட்டவர் ஆறுமுக நாவலர். அவர் வழியிலே கணினியையும் நன்கு பயன்படுத்தினோர் உளர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், ஊதியங் கருதாத அன்பர் பலரின் உழைப்பால் தமிழ் நூல்களை எண்முறையிற் பதித்து எவரும் எங்கும் கற்குமாறு வைத்தது. புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், பிரெஞ்சுக் கீழ்த்திசைப் பள்ளியும் காத்துவருஞ் சைவச் சுவடிகள் ஏறத்தாழ 11,000. இத்தொகுதி 2005ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றது. அவ்விரு நிறுவனங்களே 2007ஆம் ஆண்டிற் கணினித் தேவாரத்தையும் வெளியிட்டன. தேவார மூலமும், வி. மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கமும், தலங்களின் வரைபடமும் அதில் ஒருங்கே அமைந்தன. நம்பியாண்டார் நம்பி காலத்து இக்கருவி இருந்திருப்பின், செல்லுக்கு இரையான பதிகங்கள் எத்துணையோ நமக்குக் கிடைத்திருக்கும்.

உலகியலிலும் இக்கருவியால் விளைந்த நன்மை சிறிதன்று. ஊர்க் கணக்கு முழுதும் கர்ணத்தின் கையெழுத்துக்குள் அடங்கியிருந்த காலம் ஒன்றிருந்தது. பட்டாவில் என்ன எழுதியிருக்கின்றதென்பதை உழுபவன் அறிய மாட்டான்; அறியவேண்டின் அவர் வாயிலிற் காத்து நிற்கவேண்டும். அப்பதவி 1980ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது. இன்று நிலவுரிமைப் பதிவுகளைக் கைபேசியிலேயே காணலாம். போலிப் பெயர்களிற் பங்கீட்டு அட்டை பெற்றுப் பொருளைக் கவர்ந்தோரைக் கண்டறிதற்கும் கணினி உதவிற்று. ஏழையின் பொருளை இடைநின்று உண்போனைத் தடுத்தலும் அறமேயன்றோ?

விரலும் பொறியும்

இனி மறுபுறத்தை நோக்குவாம். இந்தியாவில் முதல் ஆதார் எண், மகாராட்டிரத்து நந்துர்பார் மாவட்டத்திலுள்ள தெம்பிலி என்னுஞ் சிற்றூரில் 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் வழங்கப்பட்டது. பத்து விரல்களின் ரேகையும் இரு கருவிழிகளின் அமைப்பும் பதியப்பெற்று, ஆள் ஒவ்வொருவர்க்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று அளிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் ஆயம், நலத்திட்டங்கட்கு இதனைப் பயன்படுத்துதலைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் ஏற்றது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2017ஆம் ஆண்டு மின்னணு அட்டைகள் வந்தன. 2020ஆம் ஆண்டில் விரல்ரேகை ஒப்புநோக்கும் முறை வந்தது.

அம்முறை இயங்குமாறு இது. கண்ணாடியின்மேல் விரலை வைத்தால், ரேகைகள் முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் பொறி குறித்துக்கொள்கின்றது. முன்னர்ப் பதிந்து வைத்தவற்றோடு அவற்றை ஒப்பிட்டு, ஒப்புமை வரையறுத்த அளவினைக் கடப்பின் 'ஆம்' என்னும். கடவாதாயின் 'அன்று' என்னும். இரண்டே விடை; மூன்றாவதில்லை. அவ்வளவினைத் தாழ்த்தினால் அயலான் உரியவனென ஏற்கப்படுவான். உயர்த்தினால் உரியவனே அயலானென விலக்கப்படுவான். இவ்விரு பிழையுள் ஒன்றைக் குறைப்பின் மற்றொன்று மிகும். ஆகவே பொறியின் விடை கண்டறிந்த உண்மையன்று. எண்களைக்கொண்டு செய்த ஊகமே. அதனை உண்மையென மயங்குவது மக்கள் பிழை.

கல்லுடைக்கும் தொழிலில் நாற்பதாண்டு உழன்ற மூதாட்டி ஒருத்தி, அரிசிக்காகக் கடையின் முன் வந்து நிற்கின்றாளென வைத்துக்கொள்க. அவள் கையில் அட்டை உளது. கடைக்காரர் அவளை இருபதாண்டாக அறிவார். பின்னிற்போர் யாவரும் அவளை இன்னாளெனப் பெயர்சொல்லி அழைக்கின்றனர். அவள் விரலை வைக்கின்றாள். கல்லும் சுண்ணமும் சிமென்டும் முதுமையும் ரேகையைத் தேய்த்துவிட்டமையின் பொறி 'அன்று' என்கின்றது. இரண்டாமுறை வைக்கின்றாள், மூன்றாமுறையும் வைக்கின்றாள். விடை மாறவில்லை. 'நாளைக்கு வாருங்கள், ஆயா' என்கின்றார் கடைக்காரர். அவர் கொடியரல்லர், அவர்க்கும் அச்சமுண்டு. பொறியை மீறிப் பொருள் வழங்கின், கணக்குக் கேட்பவர்க்கு யாது விடை கூறுவார்?

ரேகை பொருந்தாவிடினும் வேறு வழியாற் பொருள் வழங்கவேண்டுமென்று ஆணைகள் உள. கருவிழி நோக்குங் கருவிகளும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. அவை நல்லனவே. எனினும் ஆணை ஏட்டிலும் அச்சம் நெஞ்சிலும் இருப்பின், வெல்வது அச்சமே. அவள் உழைத்தாள் என்பதற்குச் சான்றாகிய தேய்வே, அவள் அவளல்லள் என்பதற்கும் சான்றாய் முடிந்ததே! இதனை அறமென ஒப்புவார் யார்?

திருவெண்ணெய்நல்லூர் மன்றம்

பெருமுக்கல் அமைந்த அதே விழுப்புரம் மாவட்டத்திலே, தென்பெண்ணையின் தென்பால் விளங்குவது திருவெண்ணெய்நல்லூர். சிவஞானபோதந் தந்த மெய்கண்டார் அருள் விளக்கம் பெற்ற இடம் அது. சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் தடுத்தாட்கொண்ட இடமும் அதுவே. அவ்வரலாற்றில் ஆவணம், படி, மூலம், சான்று என்பவற்றைப் பற்றிய நுண்ணிய ஆராய்ச்சி அடங்கியிருத்தலை அறிஞர் நோக்குவாராக.

முதிய வேதியராய் வந்த இறைவன், சுந்தரர் தமக்கு வழியடிமையென்று ஓலை காட்டினார். சுந்தரர் சினந்து அதனைப் பறித்துக் கிழித்தார். வேதியரோ அது படியோலையே, மூலவோலை தம்மிடம் உளதென்றார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவையின்முன் சென்றது. 'அந்தணர் அடிமையாதல் உலகில் இல்லை' என்று அவையத்தார் முதற்கண் கூறியபோதும், வழக்கினைக் கேளாது தள்ளிவிடவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் நிறுவுக என்றனர். ஓலை காட்டப்பட்டபின்னும் அவ்வெழுத்தை அப்படியே நம்பிவிடாது, சுந்தரரின் பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து இரண்டனையும் ஒப்புநோக்கினர். ஒப்புமை கண்ட பின்னரே தீர்ப்புரைத்தனர். அத்தீர்ப்பையும் தம் வாயால், தம் பெயரால், இருதிறத்தாரும் முன்னிற்க உரைத்தனர்.

சேக்கிழார் காட்டும் இம்மூவகைச் சான்றினையும் நியாயவிலைக் கடையின்முன் நிற்கும் மூதாட்டிக்கு ஏற்றிப் பார்க்க. நெடுங்காலம் அக்கடையிற் பொருள்பெற்று வந்தமை ஆட்சி. கையிலுள்ள அட்டை ஆவணம். பின்னிற்போர் அவளை அறிந்து கூறுவது அயலார் காட்சி. மூன்றும் அவள் பக்கமே நிற்கின்றன. அம்மூன்றனையும் ஒரு கண்ணாடித் துண்டின் ஊகம் தோற்கடித்துவிடுகின்றது. வெண்ணெய்நல்லூர் அவையத்தார் இவ்வழக்கைக் கேட்டிருப்பின், ஒருகால் ஓலை ஒவ்வாதாயினும் ஏனை இரண்டு சான்றும் உளவன்றோ என்று அரிசியை அளந்து கொடுப்பித்திருப்பர். அக்காலத்து ஊரவை பெற்றிருந்த அளவை நுட்பத்தை, இக்காலத்துப் பெருங்கருவி பெற்றிலது.

அளவை நூல் கூறுவது

இனி, இதனை அளவை முறையான் ஆராய்வாம். அளவைகள் பலவாயினும் அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர் அருணந்தி சிவாசாரியர். கருதல் காட்சியை முன்னிட்டே பிறப்பது. புகையும் நெருப்பும் ஒருங்கிருத்தலைக் கண்டறிந்தவனே புகைகொண்டு நெருப்பைக் கருதுவான். நெருப்பு நேரே கண்முன் தோன்றிய வழி, புகையில்லை என்னுங் காரணத்தால் நெருப்பும் இல்லையென்பானை உலகம் நகும். மூதாட்டி நேரே நிற்கின்றாள், அது காட்சி. ரேகை அவளைக் குறிக்கும் ஏது. அதுகொண்டு அறிவது கருதல். காட்சி தெளிவாக உள்ள இடத்தில் ஏது மறைந்தமை காட்டி அவளையே இல்லையென்றல், அளவை நூலுக்கும் மாறு. உலக வழக்குக்கும் மாறு.

அற்றேல், கடைக்காரரின் காட்சியிலும் ஐயமும் திரிபும் நிகழுமன்றோ, அவர் வேண்டியவர்க்குப் பொய் கூறவுங்கூடுமன்றோ எனின், கூடும். அதனாலன்றே ஆட்சியும் ஆவணமும் அயலாரும் உடன் வேண்டப்பட்டன. மக்கள் காட்சி பிழைபடக் கூடுமென்பதற்காகப் பொறியின் கருதலைப் பிழைபடாததென்று கொள்ளுதல், ஒரு கண் மங்கிற்றென்று மற்றைக் கண்ணையும் மூடிக்கொள்வது போலும். இரண்டும் ஒன்றையொன்று திருத்துமாறு அமைத்தலே முறை.

உரையளவைக்கும் இஃது ஒக்கும். 2022ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் கருவி பொதுமக்கட்கு வெளியிடப்பட்டது முதல், செயற்கை நுண்ணறிவு என்னுஞ் சொல் எங்கும் வழங்குகின்றது. அளவிறந்த நூல்களையும் எழுத்துக்களையும் அதற்கு ஊட்டுவர். எச்சொல்லை அடுத்து எச்சொல் வருதல் இயல்பென்பதனை அஃது எண்ணளவாற் கணித்துத் தொடர் அமைக்கும். வினவினார்க்குத் தமிழிலும் விடை கூறும். கடிதம் எழுதும், கணக்குப் பார்க்கும், நோயின் குறி கூறும், கணினிக்கு வேண்டுங் கட்டளைகளையும் தானே எழுதும். பல வேளைகளில் அவ்விடை சரியாகவும் பயனுடையதாகவும் இருக்கும். சில வேளைகளில் இல்லாத பாடலை இன்ன நாயனார் பாடியதென்றும், இல்லாத நூலை இன்னார் இயற்றியதென்றும் துணிந்து கூறும். இரண்டு விடையும் ஒரே தெளிவோடு, ஒரே நடையில் வரும். கேட்போன் முன்னரே கற்றிருந்தாலன்றி வேறுபாடு அறியான்.

உரையளவை யாருடைய உரையென்று பார்த்தே கொள்ளப்படுவது. பொருளை உள்ளவாறு கண்டவனாய், கண்டதனை மறையாது கூறுபவனாய், பொய்த்தலாற் பயன் வேண்டாதவனாய் இருப்பவனே ஆப்தன். இக்கருவி பொய்யென்று அறிந்து பொய் சொல்வதன்று. மெய்யென்று அறிந்து மெய் சொல்வதும் அன்று. அறிதலே அதன்பால் இல்லை. சொல்லுண்டு; சொல்லின் பொருளைத் துய்ப்பான் இல்லை. ஆதலின் அதன் கூற்று உரையளவை ஆகாது. பிறர் உரைத்தவற்றை ஏந்திவரும் கலமாகவே அதனைக் கொள்ளல்வேண்டும். கலத்திலுள்ளது நீரோ நஞ்சோ என்பதனைப் பருகுவோன் ஆராய்ந்தே பருகல்வேண்டும். திருமுறைகளை இதன்வழிக் கற்க விரும்பும் இளைஞர், பதிப்புக்களோடும் கற்றறிந்தாரோடும் ஒப்பிட்டுக் கொள்ளுதல் இன்றியமையாதது.

தொழில் இழந்தார் நிலை

அதே மாவட்டத்தில், வானூர் வட்டத்துத் திருச்சிற்றம்பலம் என்னும் ஊரில், 2024ஆம் ஆண்டு பிப்ரவரியிற் கணினித் தொழில்களுக்கென மினி டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. 2000ஆம் ஆண்டு சென்னையிற் தொடங்கப்பெற்ற டைடல் பூங்காவின் வழியில் வந்தது இது. பெருநகர்க்குப் போகாமலே அப்பகுதி இளைஞர் கணினித் தொழில் செய்ய வாய்ப்புப் பெறுவது மகிழ்தற்குரியது. கல்லுடைத்தவன் மகன் கணினியின் முன் அமர்தல் அவன் குடிக்கு ஏற்றமே. ஆயினும் இன்று அவன் கற்று எழுதும் கட்டளைகளை நாளை அக்கருவியே எழுதுமென்னும் அச்சமும் அவனுக்கு உண்டு. தந்தையின் சம்மட்டியை நொறுக்கும் பொறி கவர்ந்தது. மகனின் எழுத்தை எழுதும் பொறி கவருமோ என்பது அவ்வச்சம்.

தொழில் கிடையாமையின் துன்பத்தைத் திருத்தொண்டர் புராணம் அறியாததன்று. திருவொற்றியூரில் விளக்கெரித்த கலிய நாயனார் எண்ணெய் வணிகர் குடியிற் பிறந்தவர். செல்வம் குறைந்தபின் பிறர் எண்ணெயைக் கொண்டுசென்று விற்றுக் கூலி பெற்றார். அது நின்றபின் செக்காட்டிக் கூலி பெற்றார். அத்தொழில் செய்வார் பலராயினமையின் அக்கூலியும் கிடையாதாயிற்று. அதன் பின்னர் அவர் விற்பதற்குரியனவெல்லாம் விற்று, இறுதியில் தம் உதிரத்தையே எண்ணெயாக ஊற்றி விளக்கெரிக்கத் துணிந்தார். இறைவன் அவர் கையைப் பிடித்து ஆட்கொண்டான். இவ்வரலாற்றைக் கேட்டு நாயனாரின் உறுதிக்கு உருகுவோர், அவர் கூலியிழந்த படிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேலை இழந்தவன் இழப்பது கூலி மட்டுமன்று. தான் செய்துவந்த தொண்டினையும், ஊரில் தனக்கிருந்த இடத்தினையும் இழக்கின்றான். குயவர், வண்ணார், நெய்வார், பரதவர் எனத் தத்தம் தொழில்களின் வழியே அடியார்கள் தொண்டாற்றினர். ஆதலின், பொறியாற் பெருகும் ஊதியம் பொறியை உடையானுக்கே முழுதும் போதல் நெறியன்று. அப்பொறி யாருடைய தொழிலைக் கவர்ந்ததோ, யாருடைய எழுத்தையும் உழைப்பையும் உண்டு வளர்ந்ததோ, அவர்க்கும் அதிற் பங்குண்டு. மாற்றுத் தொழில் பயில்விக்கும் கடமையும் அரசுக்கும் தொழிலுடையார்க்கும் உண்டு.

வினை யாருடையது?

பொறி 'அன்று' என்றமையால் மூதாட்டி ஒருத்தி பசித்திருந்தாள். அத்தீமையின் பயன் யாரைச் சாரும்? கடைக்காரரைக் கேட்பின் 'கருவி ஏற்கவில்லை' என்பார். அதிகாரியைக் கேட்பின் 'அமைப்பு அவ்வாறு உளது' என்பார். அமைத்தவரைக் கேட்பின் 'அளவினை விதித்தவர் பிறர்' என்பார். ஒவ்வொருவரும் தத்தம் கையைக் கழுவிக்கொள்ளக் கருவி ஒன்றே எஞ்சி நிற்கின்றது. அக்கருவிக்கோ வினை இல்லை. என்னை? இச்சையும் ஞானமும் கிரியையும் உடைய பொருளுக்கே வினை உண்டு. சடம் வினையை ஈட்டவும் மாட்டாது, நுகரவும் மாட்டாது. வாள் வெட்டியதற்கு வாள் நரகம் புகாது.

அங்ஙனமாயின் வினை எங்கேனும் ஒழிந்துபோயிற்றோ? ஒழியாது. செய்தான், செய்வித்தான், உடன்பட்டான் என்னும் மூவரையும் வினை சாருமென்பது நம்மவர் துணிபு. அமைத்தவன், ஏவியவன், கண்டும் வாளாவிருந்தவன் ஆகிய மூவர்க்கும் அவரவர் அறிவுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப அதிற் பங்குண்டு. இடையிற் பொறி ஒன்றை நிறுத்திவிட்டமையால் அப்பங்கு குறைவதில்லை. பங்காளர் பலராதலின் ஒவ்வொருவர் மனமும் அதனை உணராமற் போவது மட்டுமே புதுமை. 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நூறுநாள் வேலைத் திட்டத்தின் பொது வேலையிடங்களில், நாளுக்கு இருமுறை கைபேசியிற் படம்பிடித்து வருகை பதிதல் கட்டாயமாக்கப்பட்டது. பொய்வருகையைத் தடுத்தற்கு வந்த முறை அது. ஆயினும் அலைத்தொடர்பு கிடையாத இடத்து ஒருவன் பாடுபட்ட நாள் பதிவில் ஏறாது போயின், அவன் சிந்திய வியர்வை சிந்தாததாகி விடுமோ? மண் வெட்டப்பட்டிருத்தலைக் கண்ணாற் கண்டும் 'பதிவில் இல்லை' என்று கூறுபவன், பதிவினைப் பதியாகக் கொண்டவனாவான்.

சார்ந்ததன் வண்ணம்

இத்துணையுங் கூறியதனாற் கணினி தீதென்பது கருத்தன்று. அதற்கு அறிவு உண்டாகி மக்களை ஆளுமோ என்பதே இன்று பலர் எழுப்பும் வினா. சடம் அறிவாதல் சித்தாந்தத்திற் கூடாமையின் அவ்வினா நமக்குப் பேரச்சம் விளைப்பதன்று. அஞ்சத்தக்கது பிறிதொன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்புடையது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிர் மலத்தைச் சாரின் மலமாயும், சிவத்தைச் சாரின் சிவமாயும் நிற்கும். சத்தும் அசத்தும் அல்லாத சதசத்தென்று அதனைக் கூறியது இதுபற்றியே. 'ஆம்', 'அன்று' என்னும் இரண்டன்றி மூன்றாவதறியாத பொறியைப் பகலும் இரவுஞ் சார்ந்து நிற்கும் உயிர், தானும் அவ்வண்ணமே ஆகிவிடுமாயின், எதிரில் நிற்கும் மூதாட்டியின் முகத்தைக் காணமாட்டாது. திரையில் தோன்றுஞ் செந்நிறக் குறியையே காணும். பொறி மக்கள்போல ஆதல் அரிது; மக்கள் பொறிபோல ஆதலோ மிக எளிது.

இதற்கு மாற்று கருவியை விடுதலன்று. கருவியை அன்பின் வழி நிறுத்துதலே மாற்று. அப்பரடிகள் கையில் உழவாரம் இருந்தது. அதுவும் இரும்பாற் செய்த கருவியே. அக்கையிலிருந்தமையால் அது திருக்கோயில் முற்றங்களிற் புல்லைச் செதுக்கித் தூய்மை செய்தது, வணங்கத்தக்க படையாயிற்று. கருவிக்குப் பெருமை அதனை ஏந்திய கையாலும், அக்கையை இயக்கிய நெஞ்சாலும் வருவது.

ஆதலின் செயத்தக்கன சில உள. பொறியின் 'அன்று' முடிந்த தீர்ப்பாதல் கூடாது. எதிரில் நிற்போரைக் கண்டு அதனை மாற்றும் உரிமை ஒருவர்க்கு இருத்தல் வேண்டும். அவ்வாறு மாற்றியவர் நன்னோக்கினராயின் ஒறுக்கப்படாமை வேண்டும். மறுக்கப்பட்டவர்க்குக் காரணமும், மறுத்தவர் பெயரும், முறையிடும் இடமும் அவர் அறிந்த மொழியிற் கூறப்படல் வேண்டும். ஒரு வழி அடைபடின் மறுவழி அப்பொழுதே திறத்தல் வேண்டும். பசி நாளைவரை பொறாது. இவை அரியன அல்ல. வெண்ணெய்நல்லூர் மன்றத்தார் ஓலையை மட்டுமே உடைய காலத்தில் இவற்றைச் செய்தனர்.

பெருமுக்கல் மலைமேற் கோடு கீறிய கை மறைந்தது. கல்வெட்டுப் பொறித்த கை மறைந்தது. கல்லுடைக்குங் கை தேய்ந்துகொண்டிருக்கின்றது. கை மறைந்தாலும் தேய்ந்தாலும் அதனை இயக்கிய உயிர் உண்டு. அவ்வுயிர்க்குயிராய் நின்று யாவையும் அறிபவன் உளன். மலைமேல் வீற்றிருக்கும் முத்தியாலீசர் எவருடைய விரலையும் ஒப்புநோக்கி அருள்பவரல்லர். அவருக்கு ஆட்பட்டோர், தேய்ந்த விரலைக் கண்டவிடத்து இவர் யாரென்று ஐயுறாது, இத்துணை உழைத்தவரென்று தெளிந்து கைகூப்பக் கடமைப்பட்டவராவர்.

திருச்சிற்றம்பலம்